வெளிச்சுற்றில் நான்கு சோழிகள்

என் மனைவிக்குப் பதின்மூன்றாம் நாள் சுபச் சடங்கு முடிந்து, உறவினர்கள் செம்பூர் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்துப் போன பிறகு, கூடத்து மேசையின்மேல் போர்த்தியிருந்த வேட்டியை எடுத்து மடித்து வைத்தேன். வேட்டிக்கு அடியில் தாயப் பலகை இருந்தது. பலகையில் ஓர் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. போர்த்தியவர் என் மைத்துனர், அதாவது என் மனைவியின் அண்ணன். கலைத்துவிடச் சொன்னார், மறுத்தேன், கண்ணில் படாமலாவது இருக்கட்டும் என்று அவரே செய்துகொண்ட ஏற்பாடு அது. அத்தனை நாள்களும் பொறுத்துக்கொண்டேன். வீடு நிறைய மனிதர்கள் இருக்கும்போது ஒரு வேட்டிக்காகச் சண்டையிடுவது என் வழக்கமன்று.

வாசலில் செருப்பை மாட்டும்போதும் அவர் விடவில்லை.

"மாப்பிள்ளே, வருஷாப்திகம் ஆகட்டும். ஒரு வருஷம் எடுத்து வெச்சுடுங்கோ. நடுக்கூடத்துல தாயக்கட்டம் இருந்தா நாலு பேர் என்ன நினைப்பா?"

"அந்த நாலு பேர் யாரு?"

"இது என்ன கேள்வி? பாக்கறவாதான்."

"தாயம் ஆடற நாலு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தி போயிட்டா. மீதி நீங்க, நான், நெருள் மாமி. மூணு பேரும் ஒண்ணும் நினைக்கப் போறதில்லை."

அவர் மின்தூக்கியின் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு பிணக்கைப் பற்றி எழுதுமுன் அதன் தகவல்களை முறையாக வைப்பது பழகிப்போன காரியம். ஆகவே பலகையின் அன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்டத்தில் ஆளுக்கு நான்கு காய்கள். அவை வெளிச்சுற்றைச் சுற்றி வந்து, உள்கட்டங்களில் நுழைந்து, நடுக்கட்டத்தை அடைந்தால் பழம். பிறர் காயில் ஒன்றையேனும் வெட்டாதவருக்கு உள்ளே நுழையும் உரிமை கிடையாது. வெட்டும் வரை வெளியிலேயே சுற்ற வேண்டும். என் மனைவியின் காய்கள் நான்கு சோழிகள். நான்கும் வெளிச்சுற்றில் இருந்தன. அவற்றுள் ஒன்று இரண்டாம் முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று கட்டம் முன்னால் அவள் அண்ணனின் காய் நின்றது. மலை என்று நாங்கள் சொல்லும் பாதுகாப்பான கட்டத்தில் அல்ல, திறந்த கட்டத்தில்.

கடைசி ஞாயிறன்று அவளுக்கு மூன்று விழுந்தது. அவள் வேறொரு சோழியை நகர்த்தச் சொன்னாள்.

நான் அறிந்த இத்தனை ஆண்டுகளில் அவள் அண்ணன் காயை வெட்டியதே இல்லை. அவருக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் மலையைத் தேடி ஒண்டுவதில்லை. நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைப் போலக் காயை நிறுத்திவைப்பார். அவள் பெரும்பாலும் தோற்றாள். அந்தச் சோழிகள் வெளியில் நின்றபடியே ஆட்டத்தைக் கலைப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை. விஷயம் இவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கிய இடம் மும்பை மாதுங்காவில் நாங்கள் எல்லோரும் குடியிருந்த பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்து நடை. ஞாயிறு நான்கு மணிக்குச் சாக்கட்டியால் தரையில் கட்டம் போடுவோம். புதுப்பித்துக் கட்டுவதற்காகக் கட்டடத்தை இடித்தார்கள். மைத்துனர் இரண்டு தெரு தள்ளி மாதுங்காவிலேயே இடம் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டு மாமி மகனோடு நவி மும்பையில் நெருளுக்குப் போய் நெருள் மாமி ஆனார். நாங்கள் செம்பூருக்கு வந்தோம். வரைபடத்தில் இது பெரிய தூரம் இல்லை. ஆனால் ஞாயிறென்றால் ஹார்பர் ரயில் பாதையில் மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காக ரயில் நிறுத்தம். மான்குர்த் பக்கம் மணிக்கணக்கில் ரயில் இராது. ரயில் இருந்தாலும் மாமியின் முழங்கால் நடைமேம்பாலம் ஏறாது. மைத்துனர் ஒருமுறை டாக்ஸியில் வந்துவிட்டு, வந்த வழியின் நெரிசலைப் பற்றியே மாலை முழுவதும் பேசினார். கட்டை உருட்ட நேரமில்லாமல் போயிற்று.

கைப்பேசியில் தாயம் ஆடும் செயலி ஒன்றை முதலில் முயன்றோம். திரையில் பொத்தானை அழுத்தினால் கட்டை தானே உருண்டு, காயும் தானே நகரும். என் மனைவி பத்து நிமிடம் பார்த்தாள்.

"எல்லாத்தையும் அதுவே பண்ணிக்கறது. அதுவே ஆடிக்கட்டும், நான் போய்க் காபி போடறேன்" என்று எழுந்துவிட்டாள்.

அவள் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். இரண்டு பேரைப் பேசவைப்பது எப்படி என்பதில் அவளுக்கு என்னைவிடத் தெளிவு அதிகம். ஒரு வாரம் யோசித்து அவள் செய்த ஏற்பாடு இது. ஆளுக்கொரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை, ஆளுக்கொரு தாம்பாளம், தாம்பாளத்தை மட்டும் பார்க்குமாறு சாய்த்து வைத்த கைப்பேசி. முகம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னாள். முகத்தைக் காட்டினால் மாமி தலையை வாரிக்கொண்டுதான் வருவார், நான்கு மணி ஐந்தாகிவிடும் என்பது காரணம். பழைய கேரம் பலகையின் பின்பக்கத்தில் கட்டம் வரைந்து எங்கள் கூடத்தில் வைத்தாள். அதன் மேலே, சமையல் செய்து காட்டுகிறவர்கள் பயன்படுத்துவது போன்ற வளையும் தண்டில், இன்னொரு கைப்பேசி கவிழ்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். எல்லோருடைய காயையும் நகர்த்தும் பொறுப்பு எனக்கு.

முதல் வாரம் மைத்துனரின் காய்கள் படத்தில் தெரியவில்லை. அவருடையவை புளியங்கொட்டைகள்; பலகையும் அதே பழுப்பு.

"அண்ணா, உங்க காய்க்கெல்லாம் சிவப்பு அடிச்சுட்டேன். இப்போ தெரியறதா பாருங்கோ."

"என்னத்தை அடிச்சே?"

"நெயில் பாலிஷ்."

"என் காய்க்கா?"

"உங்க நகத்துக்கு அடிக்க விடமாட்டேளே."

நெருளிலிருந்து மாமி, "நன்னா இருக்கு. நாலும் கல்யாணத்துக்குக் கிளம்பினாப்பல இருக்கு" என்றார். மைத்துனர் அன்று முழுவதும் முறைப்பாகவே ஆடினார். மறு வாரம், ஒரு கொட்டையில் பூச்சு உரிந்திருப்பதாக அவரே சொன்னார்.

இன்னொரு இடைஞ்சல் எதிர்பாராதது. கட்டை விழுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. மனிதக் குரலல்லாத எதையும் இரைச்சல் என்று கருதி நீக்கிவிடுவது அந்த அழைப்பின் இயல்பு என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். பித்தளை பித்தளையோடு உரசுவதும், தாம்பாளத்தில் கலகலவென்று விழுவதும் அதற்குக் குப்பை. பேசிக்கொண்டே உருட்டினால், குரலோடு சேர்ந்து அந்தச் சத்தமும் தப்பி வந்துவிடுகிறது. ஆகவே, உருட்டுகிறவர் பேசிக்கொண்டே உருட்ட வேண்டும், சத்தம் கேட்காத கட்டை செல்லாது என்று விதித்தாள். அதற்குப் பிறகு எங்கள் ஆட்டம் அமைதியாக நடந்ததே இல்லை. மாமி, "தாயம், தாயம், வாடா கண்ணா" என்று கொஞ்சுவார். மைத்துனர் கட்டையை அதட்டுவார். எனக்கு அந்த வகையில் பேச்சு வராது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். "கிளாஸ் எடுக்கறார்" என்பாள் அவள்.

பழைய சட்டம் ஒன்றும் இருந்தது. மைத்துனர் மாதுங்கா நாள்களில் போட்டது. ராசியான கை என்று ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுத் தமக்காகப் போடச் சொல்லி, அதனால் மனக்கசப்பு வந்தபோது, "அவாவா கட்டையை அவாவா கையாலதான் போடணும்" என்று தீர்த்துவைத்தார். அதை எல்லோரையும்விடக் கறாராகக் காத்தவன் நான்.

அவள் நோயுற்ற காலத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். கடைசி மாதங்களில் அவள் படுக்கையறையை விட்டு வரவில்லை. கட்டில், பிராணவாயு இயந்திரம் இவற்றுக்கிடையே பலகைக்கு இடமில்லை. அவள் அறையிலிருந்து தாம்பாளத்தைக் காட்டி ஆடினாள்; நான் கூடத்தில் பலகையின் முன் இருந்தேன். நடுவே பத்தடி தூரமும் ஒரு மூடிய கதவும். அவளைப் பகலில் பார்த்துக்கொள்ள நர்சிங் பியூரோ ஒன்று அனுப்பிய பெண்மணி தாராவியிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். ஞாயிறுகளில் தலையணையை உயர்த்தி, தாம்பாளத்தை அவள் மடியருகே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். உள்ளிருந்து அவள் குரல் திரை வழியாக வரும். "ஆறு விழணும். ஆறு கொடு." மெலிந்த குரல்; ஆனால் கட்டைச் சத்தத்தை அழைத்து வரப் போதுமானது.

நான் ஒவ்வொரு எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். கட்டைகள் நேர்மையானவையா என்று பார்ப்பதாக அவளிடம் சொல்லியிருந்தேன். உண்மையில், குறித்துக்கொண்டிருக்கும்போது வேறெதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் இறந்தாள்.

அவளுடைய தாயக்கட்டைகள் அன்றிலிருந்து காணவில்லை. கட்டிலுக்கு அடியில் மூன்று முறை தேடினேன். மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம் தாயக்கட்டையைப் பார்த்தீர்களா என்று எப்படிக் கேட்பது?

சுபம் முடிந்த மூன்றாம் நாள் தாராவிப் பெண்மணி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பையிலிருந்து கைக்குட்டை முடிச்சொன்றை எடுத்து மேசையில் வைத்து அவிழ்த்தார்.

"எம் பையில வந்துட்டு சார். அன்னைக்கு அவசரத்துல கையில இருந்தத அப்படியே போட்டிருக்கேன். வீட்டுக்குப் போய்ப் பாத்தாதான் தெரியுது. காரியமெல்லாம் முடியட்டும்னு இருந்தேன்."

"வியாழக்கிழமை எதுக்குக் கையில இருந்தது?"

"அம்மா கேட்டாவ. ஆடுததுக்கு இல்ல. உருட்டுத சத்தம் கேக்கணும்னாவ. நீங்க குளிக்கப் போயிருந்தீக. நான் சும்மா உருட்டி உருட்டிப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

நான் சன்னல் பக்கம் போய்த் திரையை ஒதுக்கிவிட்டு வந்தேன். அதற்கு அவசியம் இருக்கவில்லை. வெளிச்சம் ஏற்கெனவே இருந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும் சார். ஏசாதீக. கடைசி எட்டு ஞாயிறும் நான்தான் போட்டேன். அம்மாவுக்குக் கட்டையத் தூக்க முடியல. வாயால அம்மா கேப்பாவ, கையால நான் போடுவேன். எந்தக் காய நகத்தணும்னு சொன்னதெல்லாம் அம்மாதான். அதுல நான் தலையிடல."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொல்லக்கூடாதுன்னுட்டாவ. 'அவருக்குத் தெரிஞ்சா சட்டம் பேசி ஆட்டத்த நிறுத்திருவாரு'ன்னாவ."

நோட்டை எடுத்து அந்த எட்டு ஞாயிறுகளின் எண்களைப் பார்த்தேன். எதிர்பார்க்க வேண்டிய விகிதத்தில் இருந்தன. அதற்கு முந்திய ஞாயிறுகளும் அப்படியே. கை மாறியதற்கான தடயம் எண்களில் எங்கும் இல்லை. மேசையில் வைத்திருந்த அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள். இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள். எட்டு ஞாயிறுகள் அந்தக் கை என் கண்ணெதிரே திரையில் வந்துபோயிருக்கிறது. என் மனைவியின் கை எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதை அது வாராவாரம் எனக்குச் சொல்லியிருக்கிறது. நான் கட்டையின் மேல்முகத்தைப் படித்து, நோட்டில் எழுதி, காயை நகர்த்தியிருக்கிறேன்.

அவர் எதிரிலேயே நெருள் மாமிக்குத் தொலைபேசினேன்.

"முதல் வாரமே தெரியுமே" என்றார் மாமி. "உங்காத்துக்காரி எப்போ பச்சை குத்திண்டா?"

"ஏன் சொல்லலே?"

"குரல் அவளோடது. கேட்டுண்டிருந்தேன். சொன்னா நீங்க நோட்டை மூடிடுவேள். அப்புறம் எதைக் கேக்கறது?"

"மச்சினருக்குத் தெரியுமா?"

"அவருக்குக் கண்ணுல புரை. தன் தாம்பாளமே தெரியறதோ என்னமோ."

இரு பெண்களும், மூன்றாவதாக என் மனைவியும், என்னைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். அந்த முடிவு சரியானது. முதல் ஞாயிறே தெரிந்திருந்தால் சட்டத்தைச் சொல்லி ஆட்டத்தை நான் நிறுத்தியிருப்பேன். இது எனக்குப் பெருமை தருவதன்று. ஆனால் எந்தச் சட்டத்தை வைத்து நிறுத்தியிருப்பேனோ, அதை இனி ஒரு நாளும் மதிப்பதில்லை என்று அந்த நிமிடம் தீர்மானித்தேன்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நீங்க எங்க இருப்பேள்?"

"வீட்டுலதான் சார். இப்ப சயான்ல ஒரு பாட்டியப் பாத்துக்கிடுதேன். ஆறு மணிக்கு மேலதான் கெளம்பணும்."

"வீட்டுல தாம்பாளம் இருக்கா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. ஓரடி பின்வாங்கினார்.

"எனக்கு எதுக்கு சார் அதெல்லாம். பெரியவுக ஏசுவாக."

"ஏசட்டும்."

"அம்மா எடத்துல நான் ஒக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"எட்டு வாரம் நன்னாத்தானே இருந்தது. ஆட்டம் பாதியில நிக்கறது. அதை யார் முடிக்கணும்னு நான் முடிவு பண்ண வேண்டாம், அவளே பண்ணிட்டுப் போயிருக்கா. உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா சொல்லுங்கோ, வற்புறுத்தலே."

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கட்டைகளை மறுபடி கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

மைத்துனருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: ஞாயிறு நான்கு மணி, வழக்கம்போல். பதில் வரவில்லை. ஞாயிறன்று சரியாக நான்கு மணிக்கு அவர் தாம்பாளம் திரையில் தோன்றியது. ஆட்சேபிக்க வேண்டியதை ஆட்சேபிக்க அவர் நேரம் தவறமாட்டார். நெருள் தாம்பாளம் வந்தது. என்னுடையது வந்தது. நான்காவதாக ஓர் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு வந்தது. விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. பக்கத்தில் பச்சை வளையல்கள்.

"இது யாரோட தட்டு?" என்றார் மைத்துனர். புரை விழுந்த கண்ணுக்கும் சாப்பாட்டுத் தட்டு தப்பவில்லை.

"தாராவி" என்றேன். எட்டு ஞாயிறுகளைப் பற்றியும் சொன்னேன். மறைக்கவில்லை, மென்மையாகவும் சொல்லவில்லை.

மைத்துனர் தன் கட்டைகளைத் தாம்பாளத்தில் வைத்தார்.

"அப்போ அந்த எட்டு வாரமும் செல்லாது" என்றார். "அவாவா கையாலதான் போடணும். அது சட்டம்."

"சட்டத்தை மாத்தியாச்சு."

"யாரு மாத்தினா?"

"நானும் மாமியும். மூணு பேர்ல ரெண்டு பேர்."

"நான் பேசவே இல்லை, என்னைச் சேத்துட்டேளே" என்றார் மாமி. பிறகு, "சேத்துக்கோங்கோ" என்றார்.

"மாப்பிள்ளே, பியூரோ ஆயாவைக் கொண்டுவந்து என் தங்கை இடத்துல உக்கார வெக்கறேள். அந்தப் பொண்ணு நல்லவதான், நன்னாப் பாத்துண்டா, நான் இல்லேங்கலை. கைநிறைய ஏதாவது பண்ணி அனுப்பறதுதான் முறை. கூட உக்காத்தி வெச்சுண்டு ஆடறது முறையா? ஆப்திகம் ஆகட்டும்னேன். என் பையன் சொன்னான், அந்த ஆப்ல நாலாவது ஆளாக் கம்ப்யூட்டரையே வெச்சுக்கலாமாம். அவ பேரு, போட்டோ எல்லாம் போட்டுக்கலாமாம். அது கௌரவமா இருக்கும்."

நான் குரலை உயர்த்துகிறவன் அல்லன். அன்றும் உயர்த்தவில்லை.

"அவ பேர்ல ஒரு மெஷின் தாயம் போடறதை நான் இருக்கற வரைக்கும் பாக்க மாட்டேன். அதுக்குக் கையும் கிடையாது, வாயும் கிடையாது. இந்தப் பொண்ணோட கை அவ குரலுக்கு எட்டு வாரம் வேலை செஞ்சது. கடைசி நாள் காலையில அவ கேட்டது இந்தக் கை உருட்டின சத்தத்தை. நானும் நீங்களும் அப்போ அங்கே இல்லை. முறையைப் பத்தி இதுக்கு மேல உங்ககிட்ட எனக்குப் பேச ஒண்ணும் இல்லை."

"நான் ஆடலை" என்றார். மாதுங்காத் தாம்பாளம் மறைந்தது. அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் நின்றது.

தாராவித் தட்டின் பக்கத்திலிருந்த கை விலகியது. "நான் வேணா வச்சிருதேன் சார். என்னால குடும்பத்துல எதுக்கு..."

"வெக்காதேங்கோ. மாமி, உங்க ஆட்டம்."

மாமி கட்டையைக் கொஞ்சினார். ஐந்து விழுந்தது, மறுபடி உருட்டி நான்கு போட்டார். நான் எண்ணிக்கொண்டே உருட்டினேன். மைத்துனரின் முறை வந்தபோது கறுப்புக் கட்டத்தைப் பார்த்தேன். அதைத் தாண்டிப் போனோம். அவருடைய காய்களை நான் எடுக்கவில்லை. ஆட வராதவர் காய் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதும் பழைய சட்டம்தான்.

தட்டில் கட்டைகள் விழுந்தன. ஊமைப் படம்போல இருந்தது.

"சத்தம் வரலையே" என்றார் மாமி. "பேசிண்டே உருட்டணும்டீம்மா. மறந்துட்டியா?"

"கீழ தையல் மெஷின் ஓடுது மாமி. ஒரே சத்தமாத்தான் இருக்கு."

"அது ஒண்ணும் இங்க கேக்கலை. நீ பேசினாத்தான் உன் கட்டை கேக்கும்."

"என்னத்தப் பேச? அம்மாதான பேசுவாவ."

பதில் நான் சொல்லியிருக்க வேண்டும். பலகையில் நேராகவே இருந்த சோழி ஒன்றை நேராக்கினேன்.

"இப்போ நீ பேசு" என்றார் மாமி. "என்ன வேணுமோ கேளு. வெக்கப்படாதே, நாங்க தட்டைத்தான் பாக்கறோம்."

கை கட்டைகளை எடுத்தது. உள்ளங்கைகளுக்கிடையே உருட்டத் தொடங்கியது. "மூணு" என்றது குரல், தயங்கி. "மூணு விழட்டும். அன்னைக்கே விழுந்துச்சு. அம்மா வேண்டாம்னுட்டாவ. எனக்குன்னா கையெல்லாம் பரபரன்னு வந்துச்சு, வெட்டிருங்கம்மான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்து முழுங்கிட்டேன்."

பித்தளைச் சத்தம் அந்தப் பேச்சோடு சேர்ந்து, தாராவியிலிருந்து செம்பூருக்குத் தெளிவாக வந்தது. விழுந்தது இரண்டு. மாமி சிரித்துவிட்டார்.

அடுத்த சுற்றில் நான்கு விழுந்தது. இரண்டு முறையும் பின்தங்கியிருந்த சோழியையே நகர்த்தச் சொன்னார். முன்னே நின்ற சோழி தன் இடத்தில், மூன்று கட்ட தூரத்தில், காத்திருந்தது. மூன்றாம் சுற்றில் மூன்று விழுந்தது. இதில் அதிசயம் ஏதுமில்லை என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். இரண்டு தாயக்கட்டைகளில் மிக எளிதாக விழும் எண் மூன்று. நான்கு முறைக்கு ஒரு முறை விழும். மூன்று முயற்சிகளுக்குள் அது ஒரு தடவையேனும் விழுவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். என் மனைவி எண்ணற்ற ஞாயிறுகளில் அப்படி விழுந்த வெட்டை வேண்டாமென்று ஒதுக்கியவள்.

"சார்" என்றார் தாராவிப் பெண்மணி. "பெரியவுக காய்."

"ஆமாம்."

"வெட்டட்டா?"

"உங்க ஆட்டம். நீங்க சொல்றதை நான் நகத்தறேன். அவ்வளவுதான் என் வேலை."

தட்டின்மேல் அந்தக் கை அசையாமல் இருந்தது. கீழே ஓடும் தையல் இயந்திரங்கள் எங்கள் காதுக்கு எட்டவில்லை.

"வெட்டுங்க சார்" என்றார்.

சோழியை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்தேன். சிவப்புப் பூசிய புளியங்கொட்டையைப் பலகையிலிருந்து எடுத்தேன். பூச்சு ஓரத்தில் உரிந்திருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போடாமல், பலகையின் ஓரத்தில் அவருடைய பக்கத்தில் வைத்தேன். வெட்டுப்பட்ட காய் மீண்டும் முதலிலிருந்து வர வேண்டும். அதற்கு அது அங்கே இருந்தாக வேண்டும். நோட்டைத் திறந்து மூன்று என்று எழுதினேன்.

"மாமி, அடுத்தது நீங்க" என்றேன்.

"அது எப்படி?"

கேட்டது மாமி அல்ல. கறுப்புக் கட்டத்திலிருந்து வந்தது குரல். அவர் படத்தை அணைத்திருந்தாரே தவிர இணைப்பைத் துண்டித்திருக்கவில்லை. துண்டிக்கத் தெரியவில்லையா, துண்டிக்க மனமில்லையா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

"வெட்டினா இன்னொரு தரம் உண்டு. இது தெரியாதா உங்களுக்கு? இத்தனை வருஷம் காயை நகத்தி என்ன பிரயோஜனம்?"

எனக்குத் தெரியும். அவளுடைய சோழிகளுக்கு இந்த ஆட்டத்தில் அந்தச் சட்டம் ஒரு முறையும் தேவைப்பட்டதில்லை, ஆகவே மறந்திருந்தேன்.

"பெரியவரே, இருக்கீகளா?" என்றார் தாராவிப் பெண்மணி.

"இருக்கேன். என் காயை வெட்டிட்டு இருக்கேளான்னு கேக்கறது பார். உருட்டு." ஒரு செருமல். "பேசிண்டு உருட்டு. ஒண்ணும் கேக்கலை."

தாராவிப் பெண்மணி பேசத் தொடங்கினார். தாயம் கேட்டார், பிறகு ஆறு கேட்டார், பிறகு எதையும் கேட்காமல், இன்று வெளியில் மழை பிடித்துக்கொண்டது, துணி மாடியில் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே உருட்டினார். கட்டைச் சத்தம் நன்றாகக் கேட்டது. கறுப்புக் கட்டம் கறுப்பாகவே இருந்தது. ஆனால் அதற்குள்ளிருந்தும், கட்டையை அதட்டும் முணுமுணுப்போடு சேர்ந்து, மெல்ல, ஒரு ஜோடி கட்டையை யாரோ உள்ளங்கையில் புரட்டும் சத்தம் வந்தது.

ஆப்திகத்துக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. பலகை கூடத்தில்தான் இருக்கிறது. போர்த்தியிருந்த வேட்டியைச் சலவைக்குப் போட்டு வாங்கி, உடுத்திக்கொள்கிறேன்.